உட்கார்ந்து பார்க்கிற வேலை

“கண்ணை மூடிக்கிட்டா மயக்கம்னு நான் நம்பிடணுமா?” என்றார் மேனேஜர்.

எதிரே நாற்காலியில் இருந்த ஆள் மெல்லக் கண்ணைத் திறந்தான். நெற்றியில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. கம்பெனியின் இரும்பு ஷட்டர் தலையில் இறங்கிய கேஸ்.

அந்தக் கிளினிக்கில், வேலை பார்க்கும்போது அடிபட்டவர்களைக் கவனிக்கும் பிரிவு மேனேஜர் கையில் இருந்தது. கவனிப்பது என்றால், அவர் அகராதியில், சீக்கிரம் துரத்திவிடுவது. லீவும் நஷ்டஈடும் தங்கள் தலையில் விழாத வரைக்கும்தான் கம்பெனிகள் இங்கே ஆள் அனுப்பும். அந்தச் சாமர்த்தியத்தால்தான் அவருக்கு ஏ.சி. ரூமே கிடைத்தது.

“திடீர்னு கண்ணு இருட்டிக்கிட்டு வருது சார். எப்ப வரும்னே தெரியல. டாக்டர் இன்னும் ஒரு மாசம் ரெஸ்ட்டுன்னு சொன்னாரு.”

“ஒரு மாசம் சும்மா படுத்துக் கிடந்தா சம்பளம் வரும்னா எனக்கும்தான் கண்ணு இருட்டும்!”

அவன் மேஜைமேல் மனைவியோடும் சின்னப் பெண்ணோடும் மேனேஜர் சிரித்துக்கொண்டிருந்த ஃபோட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் மேனேஜருக்கு அத்துப்படி. முதலில் ஃபோட்டோவைப் பார்ப்பார்கள், அப்புறம் ‘எனக்கும் புள்ளகுட்டி இருக்கு சார்’ என்று மூக்கைச் சிந்துவார்கள். ஃபோட்டோவைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

“அது இல்ல சார், என் வேலை என்னன்னா...”

“உன் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். நின்னு பாக்குற வேலையா, உக்காந்து பாக்குற வேலையா? அதை மட்டும் சொல்லு.”

யார் வந்தாலும் இந்த ஒரே கேள்விதான். கேஸ் பேப்பரைப் புரட்டிப் பார்ப்பதெல்லாம் பிழைக்கத் தெரியாதவர்கள் செய்கிற காரியம் என்பது அவர் கட்சி.

“உக்காந்துதான் சார். ஆனா...”

“அப்புறம் என்ன நோகுது? கண்ணு இருட்டினா அப்படியே சாஞ்சுக்க. விழவா போறே?” தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டுப் போனை எடுத்தார். “டாக்டர், அந்த ஷட்டர் கேஸ். நாளையிலிருந்து வேலைக்குப் போகலாம்னு எழுதி அனுப்புங்க. என்னது, ஸ்கேனா? அந்தச் செலவுக்குக் கம்பெனி என்னைத்தான் புடிக்கும். எழுதுங்க.”

டாக்டர் ஏதோ இழுத்தார். மேனேஜர் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சர்டிஃபிகேட் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது. படித்த மனிதர்தான், ஆனால் முதுகெலும்பு என்று ஒன்று வேண்டுமே!

“சார், இன்னொரு தடவை யோசிங்க. ஏதாவது ஆயிட்டா?”

“ஆச்சுன்னா நான் பொறுப்பு, போதுமா? நாளைக்கு வேலைக்குப் போகலேன்னா உன்னைத் தூக்கிடச் சொல்லி நானே கம்பெனிக்குப் பேசுவேன்.”

அவன் சர்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டான். கைப்பிடியை அழுத்திப் பிடித்து எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே கதவுவரை போனான்.

“நடிப்பைப் பாரு, நடிப்பை” என்று முணுமுணுத்தார் மேனேஜர்.

அவன் கதவைப் பிடித்தபடி நின்று திரும்பினான்.

“காலைல பாப்பாவ ரெடியா நிறுத்தி வைங்க சார், ஸ்கூல் வேனை நான்தான் ஓட்டிட்டு வருவேன்.”