ரப்பர் வளையம்

மூத்த மாப்பிள்ளை வயிற்றை எக்கிக்கொண்டு, பின்னாலும் சஸ்பென்ஷன் வைத்த மலைச் சைக்கிளில் முதல்முறையாக ஏறி உட்காருகிறார். ஆறு வருஷமாக முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் கல்லும் முள்ளும் ஏறி இறங்கியவர். இரண்டு பக்கமும் வைத்திருக்கும் சகலையைச் "சோபா" என்றே கூப்பிட்டவர். இப்போது முதுகு மக்கர் பண்ணுகிறது. சகலையோ, யாரும் கூப்பிடாமலே வந்து, கடைக் கண்ணாடியில் விழும் வெயிலை மறைத்தபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சற்றுமுன் மெக்கானிக் பெண் எடை கேட்டபோது, அந்த முகத்தைப் பார்த்துத்தான் "எழுபது" என்று கூசாமல் அளந்துவிட்டார் இவர். அந்தக் கணக்குக்கே அவளும், பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக்கில் காற்றடித்தாள். இப்போது இறங்குகிறார். ஷாக்கின் பளபளக்கும் தண்டில், ஏறியவர் எடைக்கு எவ்வளவு அமுங்கியது என்று காட்டும், மூன்றில் ஒரு பங்கில் நிற்கவேண்டிய சின்ன ரப்பர் வளையம், பாதிவரை நகர்ந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. சகலை குனிந்து அதை ஆசையாகப் பார்க்கிறார்.

"எழுபதுக்கு இவ்வளவு இறங்காதே சார். இப்படியே ஓட்டினா ஒவ்வொரு கல்லும் உங்க முதுகுலதான் விழும்," என்கிறாள் மெக்கானிக்.

பம்பு அவள் கையில் காத்திருக்கிறது. இவர் வளையத்தைப் பார்க்கிறார், சகலையின் செருப்பைப் பார்க்கிறார்.

"தொண்ணூத்தாறு."

காற்று சீறிக்கொண்டு ஏறுகிறது.

"இன்னும் ரெண்டு அடி சேர்த்தே அடிம்மா," என்கிறார் சகலை, குரலில் தேன் ஒழுக. "சோபாவுல உட்கார்றவங்க சௌகரியமா உட்காரட்டும்."