தானாய்த் திறக்கும் பக்கம்

“மூடிராதீங்க நாநா. நான் வந்து பாக்கும்வரைக்கும் அதை அப்பிடியே விடுங்க” என்றான் கேதீஸ்வரன் போனில்.

நளீமுக்குச் சங்கடமாகப் போயிற்று. கேதீஸ்வரன் கல்முனை பஸாரில் கம்ப்யூட்டர் திருத்துகிறவன். பாண்டிருப்பு வீட்டிலிருந்து வெளிக்கிட்டு அவன் வந்து சேர எப்படியும் அரை மணித்தியாலம் ஆகும். அதுவரைக்கும் அந்தப் படம் திரையில் கிடக்க வேண்டும். குசினிக்குள் மனைவி ஹாஜறா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நளீம் தோளில் கிடந்த துவாயை எடுத்துத் திரையின் மேல் போட்டார்.

நளீம் சிங்களத்தில் உள்ள காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் தமிழில் பெயர்த்துக் கொடுப்பவர். முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் அவருடைய வேலையெல்லாம் நடக்கும் கந்தோர். ஐந்து மாதத்துக்கு முன் அது கெட்டுப்போனது. ஒரு சிங்களச் சொல்லுக்குப் பொருள் தேடினால், அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. சூதாட்டம், முடி வளர எண்ணெய், அரைகுறை உடுப்போடு பெண்கள். கிரிக்கெட் பார்க்கவென்று அவர் இலவசமாக எதையோ இறக்கியதில் வந்த வைரஸ், அதுதான் தேடலைத் திருப்பிவிடுகிறது என்று கேதீஸ்வரன் கண்டுபிடித்தான். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தான். அதன்பிறகு தேடியது கிடைத்தது.

அந்த நிம்மதி ஒரு கிழமைதான். விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர், கம்ப்யூட்டர் ஒளிர்ந்துகொண்டிருப்பதைக் கண்டார். திரையில் ஒரு பெண். மேலுக்கு உடுப்பில்லை. ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தாள். நளீம் முகத்தைத் திருப்பிக்கொண்டே அதை மூடினார். கேதீஸ்வரனிடம் சொன்னபோது, வைரஸ் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டான்.

பத்து நாள் கழித்து அதே பெண் வந்தாள். பிறகு அடிக்கடி வந்தாள், எப்போதும் சுபஹுக்குப் பிறகு. திரும்பத் திரும்ப ஒருவனைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கண்டதும் மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அவருடைய பயமெல்லாம் ஹாஜறாவைப் பற்றித்தான். அவளுக்கு உம்மா வழியில் ஒரு வயற்காணி வந்திருந்தது. போன பெரும்போக விதைப்புக்கு அதை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நளீம் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். அன்றோடு அவள் கதைபேச்சு சுருங்கிப்போனது. சோறு போட்டிருக்கு, கேஸ் முடிஞ்சிட்டு, அவ்வளவுதான். பிழை தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாலேயே இறங்கிப்போக முடியவில்லை. இந்த நேரத்தில் அவள் இந்தப் படத்தையும் கண்டுவிட்டால், தன்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

போன மாதம் அப்படியும் நடந்தது. அவர் அவசரமாக மூடிக்கொண்டிருந்தபோது, தேத்தண்ணியோடு ஹாஜறா வாசலில் நின்றாள்.

“இது வைரஸ் புள்ள” என்றார், அவள் கேட்காமலே. “நான் ஒண்டும் தேடல்ல. தானா வருது.”

ஹாஜறா அவரையே பார்த்து மெதுவாகக் கேட்டாள். “நீங்க அதைப் பாக்கல்லியா?”

குத்திக்காட்டுகிறாள் என்று அவருக்குப் பட்டது. “அல்லாஹ்மேல சத்தியமா பாக்கல்ல” என்றார்.

அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நம்பிவிட்டாள் என்று நளீமுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதன்பிறகு அவள் அந்தக் கொஞ்சப் பேச்சையும் குறைத்துக்கொண்டாள். சாப்பாடும் குறைந்து, முகம் வாடிப்போயிருந்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை என்று அவர் நினைத்தார். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான் இன்றைக்கு விடிந்ததும் கேதீஸ்வரனைக் கூப்பிட்டார்.

கேதீஸ்வரன் வந்ததும் துவாயை நீக்கினான். சிரித்துக்கொண்டு உட்கார்ந்தவன் சிரிப்பை நிறுத்தினான். பக்கத்தைக் கீழே இறக்கி வாசித்தான். பிறகு வேறு எதையோ திறந்து, திகதிகளையும் நேரங்களையும் பார்த்தான்.

“நாநா, இதில வைரஸ் இல்ல. போனமுறையும் இருந்திராது. நீங்க சொன்னதை வெச்சி நான் பாக்காம அழிச்சிட்டன்.” அவன் குரல் இறங்கியிருந்தது. “நீங்க சுபஹுக்குப் போற நேரத்தில ஆரோ தமிழில தட்டித் தேடி எடுத்திரிக்காங்க. நீங்க இதை வாசிக்கவே இல்லியா?”

“அந்தப் படத்துக்குக் கீழ என்னத்த வாசிக்கிற?”

கேதீஸ்வரன் எழுந்து கதிரையை அவருக்கு விட்டுவிட்டு, முற்றத்துக்கு இறங்கிப்போனான்.

நளீம் முதல்முறையாகத் திரையை நேராகப் பார்த்தார். அது ஓர் ஆஸ்பத்திரியின் பக்கம். மார்பில் கட்டி இருக்கிறதா என்று பெண்கள் தாங்களே தடவிப் பார்ப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தது. கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது. ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

அவர் திரும்பினார். ஹாஜறா வாசலில் நின்றாள்.

“வாயால சொல்ல ஏலாம இருந்திச்சி” என்றாள். “நீங்களாவே கண்டு என்னட்டக் கேப்பீங்க எண்டுதான், நாலு மாசமா நான் அதைத் தொறந்து தொறந்து வெச்சன்.”