ஞானஸ்நானம் கொடுத்தவர்

ஐரீன் டான் கோவிலைவிட்டு வெளியே வந்ததும் வராததுமாக ஃபிலோமினாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

கல்லறைத் திருநாள் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பூசை. ஐரீனுக்கு ‘நன்றி அக்கா’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனாலும் மூன்று வருடமாக இந்த நாளில் சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலிருக்கும் பூன் லேயிலிருந்து ரயில் ஏறி, லிட்டில் இந்தியாவை ஒட்டியிருக்கும் இந்தக் கோவிலுக்கு வந்துவிடுகிறாள். இறந்தவர்களின் பெயர் எழுதிப் போடும் உறையில் ‘ஜோசப் டான்’ என்று எழுதிப் போடுவாள். பூசை முடியும்வரை முழங்காலில் நிற்பாள்.

ஜோசப் டான் அவளுடைய அப்பா. அந்தப் பெயரோடு அவர் ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருக்கவில்லை.

கோவில் பதிவேட்டில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் சாமியாரின் பெயர் இல்லை. வார்டு நர்ஸ் ஃபிலோமினாவின் பெயர் இருக்கிறது. சாகக் கிடக்கிறவருக்கு, சாமியார் வந்து சேரமாட்டார் என்றால், யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருச்சபையின் சட்டமே அதுதான்.

“உன் சீனத் தங்கச்சி வந்துட்டா லா, இனி கைய விடமாட்டா,” என்றார் ஃபிலோமினாவின் கணவர் செல்வராஜ்.

அவருக்கு இதில் கொள்ளைப் பெருமை. தன் மனைவி ஓர் ஆத்துமாவைக் கரையேற்றியவள் என்று காப்பிக் கடையில்கூடச் சொல்லி வைத்திருக்கிறார். அந்த மனைவி மூன்று வருடமாகக் கோவிலின் முன்வாசலில் நுழைவதில்லை, விரல் நனைத்துச் சிலுவை போடும் தீர்த்தத் தொட்டி இல்லாத பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் போய் வருகிறாள் என்பது அந்தப் புண்ணியவான் கண்ணில் பட்டதே இல்லை.

இன்றைக்குச் சாமியார் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். ஞானஸ்நானத்துக்கு ஆசைப்பட்டு, அது கிடைக்காமலே செத்துப்போனவனையும் கடவுள் கைவிடமாட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் ஆறுதலாக இருந்திருக்கும். ஃபிலோமினா மட்டும் தன் இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அப்போதே முடிவு பண்ணிவிட்டாள். அன்றைக்குத் திரைக்குள்ளே நடந்ததை, நடந்தபடி, இன்று ஐரீனிடம் சொல்லிவிடுவது.

பதினாலாம் நம்பர் பெட். கிழவர் டான் அவள் தொட்ட இடத்தையெல்லாம் டிஷ்யூவால் துடைப்பார். ஊசி போட்ட கையைத் துடைப்பார். தலையணையைச் சரிசெய்தால் கழுத்தைத் துடைப்பார். ஒருநாள் மகளிடம் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சீறினார். அப்பாவுக்குக் குளிர்கிறதாம் என்று ஐரீன் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். பாவம், அவளும்தான் என்ன செய்வாள்.

முப்பது வருடமாகச் சீனக் கிழவர்களின் மலச்சட்டி எடுத்தவளுக்கு ஹொக்கியன் தெரியாமலா போகும்? ‘அந்தக் கறுப்பச்சியின் கை என் மேல் படக்கூடாது’ என்றுதான் கிழவர் சொன்னார். கூடவே தமிழர்களை ஏசும் ‘கெலிங்’ என்ற அந்த வசவையும் சேர்த்துச் சொன்னார்.

ஃபிலோமினா ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனாள்.

கடைசி நாள் ஐரீன் ஜொகூரிலிருந்து அத்தையைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் மலேசிய எல்லையிலிருக்கும் உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டாள். அங்கிருந்து வார்டுக்குப் போன் செய்து அழுதாள். ஞானஸ்நானத்துக்கு அப்பா நேற்றுத்தான் தலையசைத்தார், சாமியார் நாளைக்குத்தான் வருகிறார், அதுவரைக்கும் தாங்காது. உங்கள் கழுத்தில் சிலுவை பார்த்திருக்கிறேன். அலமாரியில் மாதா பாட்டில் இருக்கிறது. நீங்களே ஊற்றிவிடுங்கள் அக்கா.

மாதா உருவத்தில், தீர்த்தம் நிறைத்த பிளாஸ்டிக் பாட்டில். நீலக் கிரீடம்தான் அதற்கு மூடி.

ஃபிலோமினா பாட்டிலை எடுத்துக்கொண்டு, பெட்டைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து ஐரீன் திரும்பக் கூப்பிட்டபோது, ஊற்றிவிட்டேன் என்றாள். ராத்திரி ஓடி வந்த ஐரீன் அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் காலி பாட்டிலை எடுத்து முத்தமிட்டாள்.

இப்போது அதே ஐரீன் கைகளை விடாமல் நின்றுகொண்டு, மூன்று வருடமாகக் கேட்கத் தைரியம் வராததைக் கேட்டாள். அந்த நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்தாரா?

திறந்தார் என்றாள் ஃபிலோமினா.

ஐரீனின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எனக்கு அது போதும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மற்றதெல்லாம் அந்தத் திரைக்குள்ளேயே இருந்துவிட்டது.

திறக்கத்தான் செய்தார். மூடியைத் திருகிய சத்தத்துக்கே கண் விழித்துவிட்டார். பாட்டிலைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றுதான் அவள் நினைத்தாள்.

கிழவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தடவை எம்பி, அவள் கைக்குக் கீழே நெற்றியைக் கொண்டுவந்து காட்டினார். கழுத்து நடுங்கிக்கொண்டிருந்தது.

ஃபிலோமினா இரண்டடி தள்ளியிருந்த கைகழுவும் தொட்டிக்குப் போனாள். மாதா பாட்டிலைக் கவிழ்த்து, சொட்டு மிச்சமில்லாமல், அந்தத் தண்ணீரில் தன் இரண்டு கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். டிஷ்யூ எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

அவள் திரும்பிப் பார்த்தபோதும் கிழவர் தலையை இறக்கியிருக்கவில்லை.