ஜோடி சேராத ஷூ

"நம்ம மால் முதல் தடவையா ஃபாரின் போவுது, வடிவு!"

தாராவியில் தன் ஷூ பட்டறை வாசலில் இசக்கிராஜ் குதிக்காத குறையாக நின்றான். அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த சண்முகவடிவு, ஆசையாகப் பார்சலைப் பிரித்தாள்.

முதல் ஜோடியில் இடது ஷூ சின்னது, வலது ஷூ பெரியது. அடுத்த ஜோடியில் ஒன்றின் அடிப்பாகம் மட்டும் செங்கல் தடிமன்.

"ஐயோ, என்னங்க இது! ஒண்ணுகூட ஜோடி சேரல. பெரிய லோச்சா பண்ணி வச்சிருக்கீங்க. பார்சலை நிறுத்துங்க!"

"ஒரு பெட்டி போன வாரமே உகாண்டா போயிட்டுல்லா."

"போயிட்டா? நம்ம மூஞ்சியிலேயே விட்டெறியப் போறாங்க!"

அந்நேரம் உகாண்டாவிலிருந்து வீடியோ கால் வந்தது.

"எடுக்காதீங்க! கிழி கிழின்னு கிழிப்பாங்க!"

அவன் எடுத்துவிட்டான். திரையில் ஒரு சிறுமி சுவரைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு ஒரு கால் குட்டை. அதன் பாதமும் சூம்பியிருந்தது. இரண்டு கால்களிலும் ஜோடி சேராத ஷூ கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"செம்பூர் டிரஸ்ட் ஒண்ணு அங்க நடத்துற ஹோம்" என்றான் இசக்கிராஜ். " அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க. ஒவ்வொண்ணுக்கும் கால் ஒவ்வொரு மாதிரி."

சிறுமி சுவரை விட்டாள். ஓரடி வைத்தாள். இன்னோரடி வைத்தாள். சிரித்துக்கொண்டே கேமராவை நோக்கி வந்தாள்.

சண்முகவடிவு போனைப் பிடுங்கிக் கத்தினாள். "ஏட்டி, பைய வாட்டி! விழுந்துராத!"

"விழட்டும் விடு" என்றான் இசக்கிராஜ், எட்டிப் பார்த்தபடி. "விழுறதுக்குக்கூட அவ இன்னைக்குத்தான் எந்திரிச்சு நிக்கா!"