மேசையில் கிடக்கும் உத்தரவு

"எனக்கு ஒரு நோயும் இல்லம்மா. நோயக் கண்டுபிடிக்கிற இந்தக் கைப்பட்டை தப்பா சிவப்பு காட்டிருச்சு," என்று நோயாளிகளை அடைத்துவைக்கும் முகாமிலிருந்து திரையில் கெஞ்சினார் சுகாதாரச் செயலாளர் தீர்த்தகிரி.

நீதிபதி அங்கயற்கண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் சேதுராயன் என்ற லாரி டிரைவரும் இதையேதான் சொன்னான். அன்றைக்கே அவனை விடச்சொல்லி அவள் உத்தரவு போட்டாள். ஆனால் கொள்ளைநோய் தீரும்வரை, சுகாதாரச் செயலாளர் ஒப்புதல் தந்தால்தான் எந்த நீதிபதியின் உத்தரவுக்கும் முகாம் கதவு திறக்கும். அந்த விதியை எழுதியவரே தீர்த்தகிரிதான். சேதுராயனின் உத்தரவு ஒப்புதல் இல்லாமல் அவர் மேசையிலேயே கிடந்தது. சேதுராயன் முகாமிலேயே நோய் தொற்றிச் செத்தான். அவன் மனைவி நீதிமன்றத்துக்கு வந்து, "இத நீங்களே வச்சுக்குங்கம்மா," என்று உத்தரவு நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அங்கயற்கண்ணி மருத்துவ அறிக்கையை நிதானமாகப் படித்தாள். ஆளுக்கு நோய் இல்லை.

"உங்கள உடனே விடச்சொல்லி உத்தரவு போட்டுட்டேன் சார்."

தீர்த்தகிரி கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா இருப்பீங்கம்மா. கதவு எப்பத் திறக்கும்?"

"செயலாளர் ஒப்புதல் கொடுத்ததும்."

"நாந்தாம்மா செயலாளர். இப்பவே கொடுக்கிறேன்."

"முகாமுக்குள்ள இருக்கிறவங்க கையெழுத்து எதுலயும் செல்லாதுன்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க."

"அப்ப என் உத்தரவு?"

"உங்க மேசைக்கு அனுப்பியாச்சு சார். சேதுராயனோட உத்தரவுக்கு மேலதான் வச்சிருப்பாங்க."