தழும்புள்ள கை

முதல் நாச்சியார் வாளெடுத்துக் கோட்டையைக் காத்தவளாம். அதற்காக ராஜா கொடுத்த பட்டம் ஏழு தலைமுறை தாண்டி இப்போதைய நாச்சியாரிடம் வந்திருந்தது. இவளுக்கு வெயில் ஆகாது. தேரன்று மூடுபல்லக்கில் போய், திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டி முதல் மாலையை வாங்க வேண்டும். முப்பது வருஷமாக அந்தக் கையை நீட்டி வந்தவள் சமையற்காரி பிச்சம்மாள். கஞ்சி கொட்டி வெந்த அவள் புறங்கைத் தழும்பை, வம்சத்தில் வரும் வாள்தழும்பு என்று ஊரே கும்பிட்டது.

இந்த வருஷம் பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வந்திருந்தார்கள்.

“இன்னைக்கு நானே போறேன். நீ அடுப்பைப் பாருடி” என்றாள் நாச்சியார்.

பிச்சம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கூட்டத்தோடு போய் நின்றாள்.

திரைக்கு வெளியே வழுவழுவென்று ஒரு கை வந்தது. மாலையோடு நின்ற பட்டர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“தழும்பு எங்கேம்மா?”

“யாரோ நாடகக்காரியக் கொண்டாந்து உக்கார வச்சிருக்காக!” என்று கூட்டம் கத்தியது. “எங்க நாச்சியார் வராம தேர் நகராது!”

“ஏ பிச்சம்மா, எங்கடி இருக்கே?” பல்லக்குக்குள்ளிருந்து நாச்சியார் கூப்பிட்டாள்.

பிச்சம்மாள் முந்தானையில் மஞ்சளைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினாள். கொட்டு முழங்கியது. மாலையும் வெண்குடையும் பல்லக்கை விட்டுவிட்டு அவளை நோக்கி வரத் தொடங்கின.