கேட்காமல் புரிய வேண்டும்

“என்னைக் கேட்காதே. அதுல எழுதியிருக்கும், படி.”

அக்கா மறுபடியும் இப்படிச் சொன்னதும் அவனுக்குச் சுருக்கென்றது. அந்தச் சின்ன அலுவலகத்தில் அவனுக்கு ‘ஏன்’ என்றே பட்டப்பெயர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆன பிறகும் எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று குடைவான். மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். பக்கத்து மேஜைக்காரி மட்டும் முகம் கோணாமல் பதில் சொல்வாள். வயதில் மூத்தவள் என்பதால் அவனுக்கு அவள் அக்கா. அந்த அக்காதான் ஒரு வாரமாக இப்படிப் பிகு செய்கிறாள்.

அவள் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு குட்டி புரோகிராம் எழுதியிருந்தாள். பேச முடியாத நோயாளிகளுக்கானது. திரையில் சொற்கள் வரிசையாக ஓடும். வேண்டிய சொல் வரும்போது கண்ணை மூடித் திறந்தால் போதும், கேமரா அதைப் பார்த்துக்கொள்ளும், ஸ்பீக்கர் பேசிவிடும்.

அதற்கு விளக்கம் எழுதும் வேலையை அவள் இன்னொரு மென்பொருள் கருவியிடம் விட்டிருந்தாள். அது புரோகிராமை அலசி, எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று தானாகவே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும். அதை மட்டும் படித்து, அவன் புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். அதுதான் அவனுக்கு வேலை.

“கண்ணு அரை நொடி மூடினாத்தான் கணக்குன்னு போட்டிருக்கு. சரி. ஏன் அரை நொடி? அதைச் சொல்லலையே!”

அவள் எட்டிப் பார்த்தாள். “என்ன செய்யுதுன்னு அந்தக் கருவிக்குத் தெரியும். ஏன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நான்தான் எழுதியிருக்கணும்.”

புரோகிராமுக்குள்ளேயே ஒரு வரி சேர்த்தாள். ‘சாதாரணச் சிமிட்டல் இதைவிட வேகமாக இருக்கும். சாயங்காலம் களைப்பில் இமை கனத்தால் நேரத்தைக் கூட்டவும்.’ கருவியை மறுபடி ஓட்டியதும் அந்த வரி விளக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“இதை வாயால சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்துலதானே இருக்கீங்க?”

“நான் இல்லைன்னு வெச்சுக்கோ.”

“வேற கம்பெனிக்குப் போறீங்களா? மறைக்காம சொல்லுங்க.”

“எங்கேயும் போகலடா.”

“அப்புறம் என்ன? சந்தேகம் வந்தா அப்பப்ப கேட்டுக்கிறேனே!”

அவள் விளக்கத்தின் அடுத்த பக்கத்தைத் திரையில் திறந்து வைத்தாள்.

கோபத்தில் அவனும் விடவில்லை. கேமரா இருட்டில் தடுமாறினால்? சொல் தப்பாக விழுந்தால்? கேட்டுக் கேட்டுக் குடைந்தான். ஒவ்வொன்றுக்கும் பதிலை அவள் ஒரு வரியாகப் புரோகிராமுக்குள் எழுதினாள். மதியத்துக்கு மேல் ஒரு கட்டத்தில், வெகு நேரமாகத் தான் எதையுமே கேட்கவில்லை என்பது அவனுக்கே உறைத்தது. எல்லாம் புரிந்தது.

கேமராவின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சொற்கள் ஓடின. ஒன்றின் மேல் கண்ணை மூடித் திறந்தான்.

“தண்ணி வேணும்.”

“இதோ” என்று மேஜை மேலிருந்த பாட்டிலை எடுத்து அக்காவிடம் நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் உதடு அசையவே இல்லை. பேசியது ஸ்பீக்கர்.

“அக்கா... இது உங்க குரலாச்சே!”

“நல்லா இருக்கும்போதே பதிவு பண்ணிட்டேன்” என்றாள். “எனக்கு வந்திருக்கிற நோய்ல குரல் முதல்ல போயிடும், அப்புறம் கை, கடைசி வரைக்கும் கண்ணுதான் மிச்சம்னு டாக்டர் சொல்லிட்டார், இந்தப் புரோகிராம் ரிப்பேர் ஆனா எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது, உன்னைத்தான்டா நம்பியிருக்கேன்.”